மரபணு அறிக்கை கைக்கு வந்த அன்று உங்களிடம் என்ன சொன்னார்கள்?

காவிரிக்கரை

அம்மாவுக்கு அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை. புகைப்பழக்கம் இல்லாதவர். முன்கதை இந்தக் குழுவில் உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அறிக்கையின் முதல் பக்கத்தில் ‘ஈ.ஜி.எஃப்.ஆர். எக்ஸான் 19 டெலிஷன்’ என்று, மாத்திரையால் தாக்கக்கூடிய ஒரு மரபணு மாற்றத்தைச் சொல்லும் வரியைப் பார்த்ததும் டாக்டரின் முகம் தெளிந்தது. "கீமோ இப்போதைக்கு வேண்டாம், தினம் ஒரு மாத்திரை போதும்" என்றார். இரண்டாம் பக்கத்தைப் புரட்டியபோது அவருடைய பேனா, புற்றுநோயைத் தடுக்கும் மரபணு ஒன்று பழுதாகியிருப்பதைச் சொல்லும் ‘டி.பி.53’ என்ற வரிக்குக் கீழே சற்று நேரம் நின்றது. பிறகு அதைப் பற்றி எதுவும் பேசாமல் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கிவிட்டார். நான் மட்டுமல்ல, அம்மாவும் அதைக் கவனித்திருக்கிறார். "அந்த ரெண்டாவது தாள்ல என்னப்பா இருந்துச்சு?" என்று பேருந்தில் கேட்டார்.

மாத்திரை நன்றாகவே வேலை செய்கிறது. இருமல் அடங்கிவிட்டது, மாடிப்படி ஏறித் துணி காயப்போடுகிறார். ஆனாலும் அந்தப் பேனா நின்ற இடம் என்னை விடமாட்டேன் என்கிறது. நல்ல குறியும் கெட்ட குறியும் ஒரே அறிக்கையில் வந்தவர்கள் இருந்தால், உங்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்பதை எழுதுங்கள்.

தாமிரபரணி

என் தம்பிக்குச் சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்த பிறகும், எக்ஸ்ரேயில் தெரிந்த நிழலை வைத்தே காசநோய் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. எடை குறைந்துகொண்டே போன பின்னர்தான் பயாப்ஸி எடுத்தார்கள்; ஏ.எல்.கே. பாசிட்டிவ், அதாவது ஏ.எல்.கே. மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்ட மாற்றம். நுரையீரல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேருக்குத்தான் இது வரும் என்றும், புகைபிடிக்காத இளவயதினரிடம் கூடுதலாகக் காணப்படும் என்றும் சொன்னார்கள். ஜப்பானில் மானோ குழுவினர் 2007இல்தான் இதைக் கண்டறிந்தார்கள். அதற்கு முன் வந்திருந்தால் தம்பிக்குக் கீமோவைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

அந்த மாற்றத்தைத் தாக்கும் அலெக்டினிப் காப்ஸ்யூல் காலையில் நான்கு, இரவில் நான்கு. முதல் நாள் அவன் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, உள்ளங்கையில் இருந்த நான்கையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, "நான் பிழைச்சுக்குவேனாக்கா?" என்று கேட்டான். என்னால் "ஆமாம்டா" என்று தயங்காமல் சொல்ல முடிந்தது. அதே வகை மருந்தான லோர்லாடினிப் எடுத்தவர்களில் 60 விழுக்காட்டினருக்கு ஐந்து ஆண்டுகள் கழிந்தும் நோய் முன்னேறவில்லை என்று கிரவுன் ஆய்வு காட்டியிருக்கிறது; பழைய மருந்தான கிரிஸோடினிபில் அது 8 விழுக்காடு. காவிரிக்கரை, மருந்து இருக்கிற குறி கிடைத்துவிட்டது; டி.பி.53 வரியைக் கிழித்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

மலைக்கோட்டை

தாமிரபரணி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்தோடு டி.பி.53 மாற்றமும் சேர்ந்திருப்பவர்களுக்கு மாத்திரையின் பலன் சராசரியாகக் குறைந்த காலமே நீடிக்கிறது என்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதை மறைப்பது ஆறுதல் ஆகாது. ஆனால் அது ஒரு தனி மனிதருக்குக் கெடு குறிக்கும் எண்ணும் அல்ல. ஃபிளாரா ஆய்வில் ஈ.ஜி.எஃப்.ஆர். மாத்திரையான ஓசிமெர்டினிப் நோயைக் கட்டுக்குள் வைத்த இடைநிலைக் காலம் 18.9 மாதங்கள் என்றால், பாதிப் பேருக்கு அதைத் தாண்டியும் மருந்து வேலை செய்தது என்றே பொருள். மாத்திரையோடு கீமோவையும் சேர்த்துக் கொடுத்த ஃபிளாரா-2 ஆய்வில் அந்தக் காலம் 25.5 மாதங்களாக நீண்டது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 16.7. உங்கள் அம்மாவின் உடல் கீமோவைத் தாங்குமா என்று கேட்பதற்கு அந்த டி.பி.53 வரியே போதுமான காரணம்.

என் கதை சிறியது. மாமனாருக்கு இடுப்பெலும்பில் பயாப்ஸி எடுத்தார்கள். எலும்பை மிருதுவாக்க வலுவான அமிலத்தில் ஊறவைத்ததில் டி.என்.ஏ. சிதைந்து, ‘பரிசோதனைக்குத் தகுதியற்ற மாதிரி’ என்ற ஒற்றை வரி அறிக்கை வந்தது. அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு லேப் கவுன்டரில் நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. பின்னர் ரத்தத்திலேயே எல்858ஆர் என்ற ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் தெரிந்தது.

ஆகவே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எலும்பிலிருந்து எடுப்பதாக இருந்தால், அமிலத்துக்குப் பதில், எலும்பின் சுண்ணாம்பை மெதுவாக நீக்கும் இ.டி.டி.ஏ. முறையைக் கையாள முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். நாள் கூடுதலாக ஆகும், ஆனால் டி.என்.ஏ. பிழைக்கும். பயாப்ஸித் திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மறுபரிசோதனைக்கு அதுதான் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பி.டி-எல்1 என்ற புரதத்தின் அளவு அதிகம் என்ற ஒன்றை மட்டும் பார்த்து, ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. முடிவு வருவதற்குள், நோயெதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபியைத் தொடங்க விடாதீர்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளவர்களுக்கு அந்த மருந்து பெரும்பாலும் பலன் தருவதில்லை. அதோடு நிற்காமல், அதைக் கொடுத்த சூட்டோடு ஓசிமெர்டினிபுக்கு மாறினால் நுரையீரல் அழற்சி வரும் அபாயமும் கூடுகிறது.

வைகை

நெஞ்சுக்குள் வருவதெல்லாம் நுரையீரல் புற்றுநோய் அல்ல என்பதால் எழுதுகிறேன். என் மனைவிக்குத் தைமோமா, அதாவது தைமஸ் சுரப்பியில் வரும் கட்டி. மாலையானால் இடது இமை தானாகச் சரியும். கண் டாக்டரிடம் போய்த்தான், தசைகளைச் சோர்ந்துபோகச் செய்யும் மயஸ்தீனியா நோய் வழியாக, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருந்த கட்டி தெரியவந்தது. நோயியல் அறிக்கையில், செல்களின் தோற்றத்தை வைத்துப் பிரிக்கும் வகைகளில் இது ஏ.பி. வகை என்று இருந்தது. ஏ, ஏ.பி. வகைகளில் ஜி.டி.எஃப்.2ஐ என்ற மரபணு மாற்றம் பரவலாக இருப்பதும், அது இருப்பவர்களுக்கு நோயின் போக்கு சாதுவாக அமைவதும் 2014இல் வெளிவந்த ஆய்விலேயே உண்டு. அதைச் சோதிக்கலாமா என்று அறுவை மருத்துவரைக் கேட்டேன். அவர் படம் வரைந்து, கட்டியின் உறையைச் சுற்றி ஒரு கோடு போட்டு, "இதுக்கு வெளியே எதுவும் மிச்சமில்லாம எடுத்தாச்சு. உங்க வீட்டம்மாவோட எதிர்காலத்தை அந்த மரபணுவைவிட இதுதான் அதிகமா தீர்மானிக்கும்" என்றார். மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்பதையும் விளக்கினார். அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். எல்லாக் குறிக்கும் மருந்து இருக்கும் என்று எண்ணிச் செலவு செய்யாதீர்கள்.

பொருநைமகன்

மலைக்கோட்டை ரத்தப் பரிசோதனை பற்றிச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் குறி தெரிந்தால் நம்பலாம். தெரியாவிட்டால், இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. அப்பா பழைய ஈ.ஜி.எஃப்.ஆர். மாத்திரையான ஜெஃபிட்டினிப் எடுத்துக்கொண்டிருந்தபோது நோய் மீண்டும் தலைதூக்கியது. அந்த மருந்து கைவிடும்போது பாதிப் பேருக்கு மேல் டி790எம் என்ற புதிய மாற்றம்தான் காரணமாக இருக்கும் என்பார்கள். ரத்தத்தில் பார்த்தார்கள், இல்லை என்று வந்தது. கீமோவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். அப்போது மூச்சுத் திணறல் வந்து நெஞ்சிலிருந்து நீர் எடுத்தார்கள். பாட்டிலில் செம்மஞ்சளாக நிரம்பிக்கொண்டிருந்தது. அதைக் கொட்டிவிடுவதற்காக எடுத்துப் போகப் பார்த்த ஊழியரை நிறுத்தி, "இதிலேயும் செல் இருக்கும், லேபுக்கு அனுப்பு" என்றார் அங்கிருந்த பயிற்சி மருத்துவர், கல்லூரி முடித்து வந்த சின்னப் பெண். அந்த நீரில் டி790எம் இருந்தது. கீமோவை நிறுத்தி, அந்த மாற்றத்திலும் வேலை செய்யும் ஓசிமெர்டினிப் தொடங்கினார்கள். அப்பா இப்போது ஆக்சிஜன் இல்லாமல் இருக்கிறார்.