விளக்கொளிக்கு வரும் செம்மஞ்சள் குளவிகள்: படத்தை வைத்துப் பிரித்தறிய உதவி தேவை

கேள்வி

வணக்கம். கோயம்புத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள எங்கள் தோட்டத்தில், வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்து அந்துப்பூச்சிகளைப் படமெடுத்து வருகிறேன். மழைக்குப் பிந்தைய இரவுகளில் அவற்றோடு மெலிந்த ஒட்டுண்ணிக் குளவிகளும் வருகின்றன. செம்மஞ்சள் உடல், நீண்ட உணர்கொம்பு, பக்கவாட்டில் தட்டையான வயிறு, தலையுச்சியில் பெரிய தனிக்கண்கள் (கூட்டுக்கண்கள் அல்லாத எளிய ஒற்றைக் கண்கள்) ஆகியவை எல்லாவற்றிலும் ஒன்றுபோலவே உள்ளன. இணைத்துள்ள மூன்று படங்களில் முதலாவதையும் மூன்றாவதையும் ஆஃபியான் என்னும் குளவிப் பேரினம் என்று எண்ணுகிறேன். சற்று வெளிறிய இரண்டாவது வேறாக இருக்கலாம். படத்தைக் கொண்டு பூச்சியை அடையாளம் காட்டும் கைபேசிச் செயலியோ ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் சொல்கிறது. சிற்றினம் வரை செல்ல இயலுமா?

மறுமொழி 1

நிறத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள். இரவில் பறக்கும் குளவிகளில், நெருங்கிய உறவில்லாத பல கிளைகளும் இதே நிறத்தையும் இதே பெரிய தனிக்கண்களையும் பெற்றுள்ளன. செயலி தடுமாறுவதில் வியப்பில்லை. பார்க்க வேண்டியது முன்சிறகை.

முதல் படத்தைப் பெரிதாக்கினால், சிறகின் முன்விளிம்பில் உள்ள நிறப்புள்ளிக்குக் கீழே, நரம்புகள் சூழ்ந்த பெரிய கண்ணறைக்குள் மயிரற்ற கண்ணாடி போன்ற ஒரு திட்டும், அதில் பழுப்பு நிற முக்கோணத் துணுக்கு ஒன்றும் தெரிகின்றன. இது எனிகோஸ்பிலஸ் என்னும் பேரினம். ஆஃபியானில் அந்தத் துணுக்கு இராது. மேலும் அது பெரும்பாலும் குளிர்ந்த நிலப்பகுதிகளுக்குரிய பேரினம்.

இரண்டாவதில் அந்தத் துணுக்கு இல்லை. மாறாக, சிறகின் நடுவே சிறிய மூடிய முக்கோணக் கண்ணறை இருக்கிறது. இது நெட்டீலியா என்னும் வேறொரு பேரினம். கையில் பிடிக்க வேண்டாம், பெண் குளவி நன்றாகவே கொட்டும். வாழ்முறையிலும் இவை வேறுபடுகின்றன: எனிகோஸ்பிலஸ் அந்துப்பூச்சிப் புழுவின் உடலுக்குள் முட்டையிடுகிறது, நெட்டீலியா புழுவைக் கொட்டிச் சிறிது நேரம் செயலிழக்கச் செய்து, காம்புள்ள முட்டையை அதன் தோலின்மேல் பொருத்துகிறது.

மூன்றாவதில் சிறகுகள் மடிந்திருப்பதால் எதுவும் சொல்ல இயலாது.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. மூன்றாவது குளவி சிறகை விரித்திருந்த வேறொரு படம் கிடைத்தது, இணைத்துள்ளேன். துணுக்கும் இல்லை, முக்கோணக் கண்ணறையும் தெளிவாக இல்லை. முதலாவதன் துணுக்கின் வடிவத்தை வைத்துச் சிற்றினத்தைச் சொல்லலாமா?

மறுமொழி 2

இடையில் நுழைவதற்குப் பொறுத்தருள்க. புதிய படத்தில் முன்சிறகின் நடுப்பகுதியிலிருந்து பின்விளிம்பை நோக்கி இறங்கும் குறுக்கு நரம்புகளைப் பாருங்கள். முதல் இரண்டு குளவிகளும் சேர்ந்த இக்நியூமோனிட் குடும்பத்தில் வழக்கமாக அவை இரண்டு. பிராக்கோனிட் குடும்பத்தில் வெளிப்புறத்து நரம்பு இருப்பதில்லை. உங்கள் மூன்றாவதில் ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே அது குடும்பத்திலேயே வேறு, பிராக்கோனிட். அக்குடும்பத்தின் ஹோமோலோபஸ் என்னும் பேரினம் இப்படித்தான் தோற்றமளிக்கும். ஆனால் இந்த ஒரு படத்தைக் கொண்டு பேரினத்தை உறுதிசெய்ய மாட்டேன்.

எனிகோஸ்பிலஸில் உலகெங்கும் சுமார் 700 சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. துணுக்குகளின் எண்ணிக்கையும் வடிவமும் முதன்மையான அடையாளங்களே என்றாலும், மார்பின் பக்கவாட்டு வரிகள், தாடையின் முறுக்கு, நரம்புகளின் நீள விகிதம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால், மேலிருந்து எடுத்த ஒரு படம் போதாது. பேரினத்தோடு நிறுத்திவிடுவதே முறை.

அடுத்த முறை குளவியைச் சிறு டப்பாவில் இட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் சில நிமிடங்கள் வையுங்கள், உறைபகுதியில் வேண்டாம். அது அசையாதிருக்கும்போது, வெள்ளைத்தாளின்மேல் ஒரு சிறகை விரித்து, பளிச்சொளி நேராக விழாதபடி பக்கத்திலிருந்து அடித்து ஒரு படமும், முகத்தையும் மார்பின் பக்கத்தையும் தனித்தனியாகவும் எடுங்கள். மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்றும் சட்டகத்துக்குள் இருக்கட்டும்.