கண்ணுக்குக் கீழே கருவளையம்: தனக்கா பூசினால் குறையுமா?

கேள்வி: யாங்கோன் வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு வயது 17. சென்ற ஆண்டிலிருந்து அவளுடைய கண்களுக்குக் கீழே கருமை படர்ந்து வருகிறது. இரவில் வெகுநேரம் கைப்பேசி பார்ப்பதுதான் காரணம் என்று வீட்டில் எல்லாரும் கூறுகிறார்கள். ஆனால், பள்ளி விடுமுறையில் நன்றாக உறங்கிய நாட்களிலும் அது குறையவில்லை. பர்மாவில் முகத்தில் அரைத்துப் பூசும் தனக்கா மரக் கட்டையைக் கல்லில் அரைத்துக் கண்ணைச் சுற்றிப் பூசுமாறு என் மாமியார் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்காவோ சந்தையில் வாங்கிய வெள்ளை நிறக் களிம்பு ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அந்த டப்பாவின் மேல் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று எந்த மொழியிலும் எழுதப்படவில்லை. என் கணவருக்கும் இளவயது முதலே கண்ணோரம் சற்றுக் கருமை உண்டு. மகளுக்குக் காலையில் அடுக்கடுக்காகத் தும்மல் வருவதும், அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பதும் இதனுடன் தொடர்புடையவையா என்று அறிய விரும்புகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியர், மாண்டலே

சகோதரி, உறக்கக் குறைவு இருக்கிற கருமையை எடுத்துக்காட்டுமே தவிர, பெரும்பாலும் அது மட்டுமே காரணமாக இருப்பதில்லை. இமைத் தோல் உடலிலேயே மிக மெல்லியது. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அங்கே மெலனின் என்னும் நிறமி கூடுதலாகப் படிந்தாலும், அடியிலுள்ள சிறு இரத்த நாளங்கள் தோலின் வழியே தெரிந்தாலும், கண்ணுக்கும் கன்னத்துக்கும் இடையே உள்ள பள்ளத்தில் நிழல் விழுந்தாலும், பார்ப்பவருக்கு எல்லாம் கருவளையமாகவே தோன்றும். ஆகவே, எது என்று பார்க்காமல் எதையும் பூசத் தொடங்க வேண்டாம்.

வீட்டிலேயே ஓரளவு கண்டறியலாம். மகளை வெளிச்சம் நேராக முகத்தில் விழும்படி சன்னலைப் பார்த்து உட்காரச் செய்து, முகத்தைச் சற்று மேலே உயர்த்தச் சொல்லுங்கள். கருமை அப்போது வெகுவாகக் குறைந்தால் அது நிழல்; அதற்கு எந்தக் களிம்பும் உதவாது. பிறகு கீழிமைத் தோலை விரலால் மிக மென்மையாகக் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். பழுப்பு நிறம் அப்படியே நின்றால் நிறமியாக இருக்கலாம்; நீலமோ ஊதாவோ கலந்த நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரிந்தால் இரத்த நாளங்களே காரணமாக இருக்கலாம். நம்மவர்களில் பலருக்கு இவை கலந்தே இருக்கும் என்பதால், விடை தெளிவாகக் கிடைக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.

தந்தைக்கும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். பரம்பரையாக வரும் நிறமி நம்மிடையே மிகச் சாதாரணம், அது நோயன்று. ஆனால், நீங்கள் கடைசியாகப் போகிற போக்கில் குறிப்பிட்ட தும்மலைத்தான் நான் முதலில் கவனிப்பேன். ஒவ்வாமையால் மூக்கின் உட்புறம் வீங்கும்போது கண்ணுக்குக் கீழுள்ள நாளங்களில் இரத்தம் வடிவது மந்தப்பட்டு அவ்விடம் கருநீலமாகிறது. அரிப்பினால் ஓயாமல் கசக்கும்போது அந்த மெல்லிய தோல் அழன்று, நாளடைவில் நிறமியும் சேர்கிறது. தூசியும், மழைக்காலத்தில் ஈரச் சுவரில் படியும் பூஞ்சையும் இதற்கு அடிக்கடி காரணமாகின்றன. தலையணை உறைகளை வெந்நீரில் துவைப்பதும், உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் (காய்ச்சி ஆறவைத்த நீரில் மட்டும்) நல்ல தொடக்கம். தும்மல் தொடர்ந்தால் மூக்கில் அடிக்கும் மருந்தோ மாத்திரையோ தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

மாதவிலக்கின்போது உதிரப்போக்கு அதிகமா என்றும் மகளிடம் கேளுங்கள். இரத்தசோகையால் முகம் வெளிறினால் கண்ணடி மேலும் கருத்துத் தெரியும். அவள் வயதுப் பெண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவாக இருந்தால் அது இரத்தசோகையே. ஒரு சாதாரணப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

பதில் 2: பெகு நண்பர்

தனக்காவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் மகாவில்வம் என்று வழங்கும் மரமும் இதுவும் ஒன்றே. அதன் பட்டையில் உள்ள மார்மெசின் என்னும் பொருள் புற ஊதாக் கதிரின் ஒரு பகுதியை உறிஞ்சும் என்பதால், வெயிலால் நிறமி கூடுவதைத் தடுக்க அது ஓரளவு உதவக்கூடும். ஆயினும், ஏற்கெனவே படிந்த கருமையை அது எடுத்துவிடும் என்று நான் நம்பவில்லை. கன்னத்தில் தாராளமாகப் பூசட்டும். இமையோரத்தில் வேண்டாம், ஏனெனில் காய்ந்தபின் உதிரும் துகள் கண்ணுக்குள் போகும், அதைத் தேய்த்து எடுப்பதும் தோலுக்குக் கேடு. மாமியாரின் மனமும் நோகாது.

பதில் 3: மருந்தாளுநர், யாங்கோன்

அம்மா, அந்த டப்பாவை இன்றே ஒதுக்கிவிடுங்கள். உட்பொருள் எழுதப்படாத வெண்மைக் களிம்புகளில் பாதரசம் இருக்கக்கூடும். அது தோல் வழியே உடலில் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-இல் ஏற்கப்பட்ட மினமாத்தா என்னும் பன்னாட்டு உடன்படிக்கை இத்தகைய அழகுப்பொருட்களின் உற்பத்தியை 2020-க்குள் நிறுத்தச் சொன்ன பிறகும் உலகின் பல சந்தைகளில் அவை கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. வீரியமான ஸ்டீராய்டு கலந்த களிம்போ முதலில் பளிச்சென்ற தோற்றம் தரும். பிறகு தோலை மெலிய வைத்து நாளங்களை இன்னும் வெளிக்காட்டும், கண்ணருகே நெடுநாள் பூசினால் கண் அழுத்தத்தையும் உயர்த்தக்கூடும். தோலை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுவினோன் என்னும் மருந்தும் விளையாட்டுப் பொருளன்று: அதை நீண்டகாலம் பூசியவர்களின் முகத்தில் நீலக்கருமை நிலையாகப் படிந்ததை 1975-இல் தென்னாப்பிரிக்காவில் ஃபிண்ட்லே குழுவினர் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். வெளுக்கப் பூசியதே கருக்கச் செய்தது என்பதை வாடிக்கையாளர்களிடம் சொன்னால் யாரும் நம்புவதில்லை!

வேறொன்றும் உண்டு. வீட்டில் பெரியவர் யாரேனும் கண் அழுத்த நோய்க்கு லடானோபுரோஸ்ட், பிமாட்டோபுரோஸ்ட் போன்ற சொட்டு மருந்து போட்டுக்கொண்டு, அவருக்கும் கண்ணைச் சுற்றிக் கருமை வந்தால், அது மருந்தின் விளைவாக இருக்கலாம். அதற்காக அவர் தாமாகவே மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

கேட்டவர்: யாங்கோன் வாசகி

அனைவருக்கும் மிக்க நன்றி. சன்னலோரம் உட்காரவைத்துப் பார்த்தேன். நிழல் சற்றுக் குறைந்தது, ஆனால் தோலை இழுத்தபோது பழுப்பும் ஊதாவும் இரண்டுமே தெரிந்தன. மூக்கையும் இரத்தத்தையும் மருத்துவரிடம் பார்த்துவிடுகிறோம். அவள் நாள்தோறும் கண்மை தீட்டுகிறாள்; அதையும் நிறுத்த வேண்டுமா?

பதில் 4: ஓய்வுபெற்ற செவிலியர், மாண்டலே

அரிப்பு அடங்கும்வரை நிறுத்தட்டும். கண்மையே சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால், அந்த இடைவெளியில் கருமையும் அரிப்பும் குறைகின்றனவா என்று பார்த்துக்கொள்ளவும் முடியும். மீண்டும் தீட்டத் தொடங்கினால், உட்பொருள் அச்சிட்டதையே வாங்குங்கள். பெயரில்லாத சுர்மா (கண்ணுக்கு இடும் மைத்தூள்) வேண்டவே வேண்டாம், அவற்றில் ஈயம் இருக்கக்கூடும். உறங்குமுன் பஞ்சில் சிறிது தேங்காயெண்ணெய் தொட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு முகம் கழுவினால் போதும்.