பழைய பீட்டல் வாங்குமுன்: செசி நம்பர், கெரான், திருட்டுப் பாதுகாப்பு

செம்பனைக்காடு (சுங்கை சிப்புட்):
அண்ணன்மாரே, இங்கே தோட்டத்து லயத்தில் நிற்கும் 1968 வோக்ஸ்வேகன் பீட்டல் ஒன்று விலைக்கு வருகிறது. கெரான் (காடியின் உரிமைப் பத்திரம்) இருக்கிறது, ரோட் டெக்ஸ் முடிந்துவிட்டது. கெரானில் உள்ள காடிதான் இது என்று பணம் கொடுக்குமுன் எப்படி உறுதி செய்வது? நிறுத்தப்போவது கதவில்லாத தகரக் கொட்டகையில். என்ன பாதுகாப்பு செய்யலாம்?

பழையபட்டறை:
தம்பி, முன் போனெட்டுக்குள்ளே ரிவெட் அடிச்ச தகட்டை மட்டும் நம்பாதீங்க. பீட்டலில் பாடியும் அடித்தளமும் போல்ட்டில்தான் சேர்ந்திருக்கு. பாடியை மாற்றினால் தகடும் அதோடு போயிடும். அடித்தளத்தோட நம்பர், அதாவது செசி நம்பர், பின் சீட்டுக்கு அடியில், நடு டனல் (அடித்தளத்தின் நடுவே நீளமாகப் போகும் மேடு) மேலே குத்தியிருக்கும். டீசல் ஊற்றி பித்தளை பிரஷ்ஷால் துடைங்க. கிரைண்டர் வேண்டவே வேண்டாம். எழுத்து தேய்ஞ்சா பரிசோதனையில் உங்க மேலதான் சந்தேகம் வரும்.

1968 மாடலுக்குப் பெரும்பாலும் ஒன்பது இலக்கம், தொடக்கம் 118; அந்த மாடல் ஆண்டின் கடைசியில் வந்ததில் பத்து இலக்கமும் உண்டு. மாடல் ஆண்டு ஆகஸ்டிலேயே தொடங்கிடும், அதனால் 1968 கடைசியில் செய்த காடிக்கு 119 வந்தாலும் சரிதான். 110, 111 என்று தொடங்கும் பத்து இலக்கம் இருந்தால் அது 1970 மாடல் அல்லது அதுக்கு அப்புறம் வந்த அடித்தளம், கையை எடுத்துடுங்க. நம்பரைச் சுற்றி வெல்டிங் கோடு, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட், எழுத்துகளின் ஆழத்தில் வித்தியாசம், இதில் எது இருந்தாலும் அப்படித்தான்.

எஞ்சின் நம்பர் ஜெனரேட்டர் ஸ்டாண்டுக்குக் கீழே. தொடக்க எழுத்து எஃப் என்றால் 1300 சிசி, எச் என்றால் 1500, ஏடி என்றால் பின்னாளில் வந்த 1600. பீட்டலில் எஞ்சின் மாற்றுவது சகஜம், அது மட்டுமே திருட்டுக்கு அடையாளம் இல்லை. ஆனால் மாற்றியதை ஜேபிஜேவில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதியாமல் விட்டிருந்தால் பெயர் மாற்றம் நின்னுடும்.

கெரான்கணக்கு:
முன்பணம் கொஞ்சமாகக் கொடுங்க. பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் செசி, எஞ்சின் நம்பர் இரண்டையும் பார்ப்பாங்க. அது தேறினபிறகு மீதி. கெரானில் உள்ளவர் இறந்திருந்தால் வாரிசு கையெழுத்து மட்டும் போதாது, சொத்து நிர்வாக ஆவணம் வேணும். தோட்டத்துக் காடிகளில் பெரிய தலைவலியே இதுதான், முதல் நாளே கேட்டுடுங்க. டனல் நம்பர் துருப்பிடிச்சு அழிஞ்சிருந்தால் போமனிடம் (மெக்கானிக்) சொல்லி மறுபடி குத்தாதீங்க, ஜேபிஜேவிடம் போங்க.

வயர்மேன்:
திருட்டைத் தடுக்க, சாவிக்கும் காயிலுக்கும் (பிளக்கில் நெருப்பு வர மின்சாரம் தரும் சுருள்) நடுவே சுவிட்ச் வைப்பது வீண். பேட்டரியிலிருந்து காயிலின் 15ஆம் முனைக்கு நேராக வயர் கொடுத்து ஓட்டிடுவான். 1ஆம் முனையிலிருந்து ஒரு வயரை ஒளிச்சு வைத்த சுவிட்ச் வழியாக பாடிக்கு எர்த் பண்ணுங்க. அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் திறந்தாலும் பிளக்கில் நெருப்பு வராது. வயர் பழைய நிறத்திலேயே, கட்டுக்குள்ளேயே போகட்டும், இல்லாவிட்டால் கண்ணில் படும். எர்த்தில் இருக்கும்போது சாவியை ஓனில் விடாதீங்க, காயில் சூடேறி கெட்டுடும்.

காசே வேணாம்னா டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பைத் தள்ளி ரோட்டரை (உள்ளே சுழலும் சின்னத் துண்டு) உருவி வீட்டுக்கு எடுத்துப் போங்க. ஆனால் இதெல்லாம் ஓட்டிப் போகிறவனைத்தான் தடுக்கும். லாரியில் தூக்கிப் போகிறவனுக்கு, பின் சக்கரத்தையும் கான்கிரீட்டில் பதித்த வளையத்தையும் சேர்த்துக் கனமான சங்கிலி.

செம்பனைக்காடு:
ஜிபிஎஸ் டிராக்கர் போடலாமா அண்ணே?

வயர்மேன்:
போடலாம், 4ஜி உள்ளதாக வாங்குங்க. 3ஜி 2021 கடைசியிலேயே நிறுத்தியாச்சு. அதுக்கு முன்னே பேட்டரியின் வோல்ட்டை அளங்க, டிராக்கர் அதுக்குப் பொருந்தணும்; சில 1200 சிசி மாடல்கள் அப்பவும் 6 வோல்ட்டில்தான் வந்தன. 20 மில்லி ஆம்பியர் இழுக்கிற டிராக்கர் 30 நாளில் 14.4 ஆம்பியர்-மணி தின்னுடும். ஓடாமல் நிற்கும் காடியில் மாதம் ஒருமுறையாவது சார்ஜ் பண்ணணும். செம்பனைக்குள்ளே சிக்னல் விட்டுவிட்டு வரும், அதனால் இடத்தைப் பதிஞ்சு வச்சு பிறகு அனுப்புகிற மாதிரி இருக்கான்னு கடையில் கேளுங்க.