ஜானி ஹார்ட்மன் மாதிரி நிதானமாகப் பாடும் ஜாஸ் குரல்கள் வேறு யார்?

நண்பர்களே, ஜாஸ் பாடகர்கள் பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். 1963-இல் ஜான் கோல்ட்ரேனும் ஜானி ஹார்ட்மனும் சேர்ந்து வெளியிட்ட ஆல்பத்தைத்தான் இப்போது விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு பாட்டில் கோல்ட்ரேனின் சாக்ஸபோன் முதலில் மெட்டை முழுசாக வாசித்து முடிக்கிறது. இரண்டு நிமிடத்துக்கும் மேல். அப்புறம்தான் ஹார்ட்மன் பாடவே ஆரம்பிக்கிறார். துளி அவசரம் இல்லை. ஒவ்வொரு சொல்லும் காதில் அப்படியே தங்குகிறது.

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் 1956-இல் சேர்ந்து பாடியது, சாரா வான் 1954-இல் கிளிஃபோர்ட் பிரவுனின் டிரம்பெட்டோடு பாடியது, இரண்டும் கேட்டாயிற்று. அருமை. பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வேண்டாம். நாலைந்து பேர் வாசிக்கும் சின்னக் குழுதான் எனக்குப் பிடிக்கிறது, பாடுபவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்க வேண்டும்.

இன்றைய பாடகர்களில் செசில் மெக்லோரின் சால்வன்ட், சமாரா ஜாய் இருவரைத் தாண்டி நான் போகவில்லை. முக்கியமாக ஆண் குரல்கள் வேண்டும், பழையவர்களானாலும் சரி, புதியவர்களானாலும் சரி. பாடகிகளில் பெட்டி கார்ட்டரை எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கலாம்? ஆல்பம் பெயரோடு முதலில் எந்தப் பாட்டைக் கேட்பது என்றும் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.