லிங்க் ரிசீவர்: குரல் கிறீச்சென்று வருகிறது, டிரான்ஸ்மிட்டர் அணைய மாட்டேன் என்கிறது

கேள்வி (மலைமேல்_2மீட்டர்):

வணக்கம் ஓஎம்களே (சக ஹாம் ரேடியோ நண்பர்களே). மலையில் ஓடும் 2 மீட்டர் அலைவரிசை ரிப்பீட்டரையும் (வரும் சிக்னலை வாங்கி உடனே மறுபடி அனுப்பும் நிலையம்) கீழே டவுனில் உள்ள ரிப்பீட்டரையும் 70 செ.மீ. அலைவரிசை ரேடியோ லிங்க் வழியாக இணைத்திருக்கிறோம். இரண்டு பக்கமும் லிங்குக்குப் பழைய மோட்டரோலா ஜிஎம்300 ரேடியோ ஒவ்வொன்று. பின்பக்க 16 பின் கனெக்டரில் 11ஆம் பின்னில் ஆடியோவை எடுத்து, கண்ட்ரோலர் வழியாக ரிப்பீட்டர் டிரான்ஸ்மிட்டரின் மைக் உள்ளீட்டுக்குக் கொடுக்கிறோம். சிக்னல் வந்தால் 8ஆம் பின் தரைக்கு இறங்கும், அதைப் பார்த்து கண்ட்ரோலர் பிடிடி-ஐ (டிரான்ஸ்மிட்டரை ஓடவைக்கும் ஒயர்) இழுக்கும். லிங்கில் நம் சிக்னல்தான் என்று அடையாளம் காட்ட 88.5 ஹெர்ட்ஸ் டோன்.

இரண்டு தொல்லை. குரல் கிறீச்சென்று வருகிறது, 'ச', 'ஸ' எல்லாம் காதைக் குத்துகிறது, அடியில் ஒரு முனகலும் கேட்கிறது. அடுத்தது, பேசி முடித்த பிறகும் இரண்டு ரிப்பீட்டரும் அணைவதே இல்லை. போய் மின்சாரத்தைப் பிடுங்கினால்தான் நிற்கிறது.

மறுமொழி (சாலிடர்_புகை):

அணையாததை முதலில் பாருங்கள், இப்படியே விட்டால் ஃபைனல் டிரான்சிஸ்டர் வெந்துவிடும். உங்கள் லிங்கின் பிடிடி ரிப்பீட்டர் டிரான்ஸ்மிட்டரின் பிடிடி-யோடு சேர்த்துக் கட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஆள் பேசி முடித்ததும் மலை ரிப்பீட்டர் தன் வால் நேரம் (சிக்னல் நின்ற பிறகும் டிரான்ஸ்மிட்டர் ஓடும் நேரம்) இரண்டு மூன்று விநாடி ஓடும், லிங்கும் கூடவே ஓடும். அது விட்டதும் டவுன் ரிப்பீட்டருக்கு வால் நேரம் தொடங்கி அது தன் லிங்கை இழுக்கும், மலைக்கு அது புது சிக்னலாகத் தெரியும், மறுபடி இங்கே வால். விடிய விடிய நடக்கும். டைம் அவுட் டைமரும் (அதிக நேரம் ஓடினால் அணைப்பது) காப்பாற்றாது, ஏனென்றால் ஒவ்வொரு முறை சிக்னல் விழும்போதும் பெரும்பாலான கண்ட்ரோலர்களில் அது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும்.

லிங்கின் பிடிடி உள்ளூர் 2 மீட்டர் ரிசீவரின் சிஓஎஸ்-இலிருந்து (சிக்னல் வந்ததைக் காட்டும் ஒயர்) மட்டும் வரட்டும். வால் நேரம், அழைப்புக்குறி, கர்ட்டசி பீப் (பேசி முடித்ததைக் காட்டும் ஒலி) எதுவும் லிங்கில் போகக் கூடாது. லிங்க் ரிசீவரும் வெறும் கேரியரைப் (அடிப்படை அலையைப்) பார்த்துத் திறக்காமல், டோனும் சேர்ந்து வந்தால் மட்டும் 8ஆம் பின்னை இறக்கும்படி புரோகிராம் செய்யுங்கள். மலையுச்சியில் எத்தனையோ டிரான்ஸ்மிட்டர்கள், அவை ஒன்றோடொன்று கலந்து உருவாகும் சிக்னல் ஒன்று போதும் ரிசீவரைத் திறக்க.

மறுமொழி (பழைய_வால்வு):

ஆடியோ பற்றி நான் சொல்கிறேன். எஃப்எம்-இல் அனுப்பும்போது மேல் அதிர்வெண்களை ஆக்டேவுக்கு 6 டெசிபெல் தூக்கி அனுப்புவோம், வாங்கும் இடத்தில் அதே அளவு இறக்குவோம். ஜிஎம்300-இல் 11ஆம் பின் உள்ளே உள்ள ஒரு ஜம்பரைப் பொறுத்து இரண்டு விதமாக வரும். ஒன்றில் டிஸ்கிரிமினேட்டரிலிருந்து (எஃப்எம் சிக்னலிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பகுதி) அப்படியே, இறக்காமல், ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் சுற்று) மூடாமல் வரும். இன்னொன்றில் இறக்கி, வடிகட்டி, சிக்னல் இல்லாதபோது மூடி வரும். உங்களுடையது முதல் வகை, நிச்சயம். ஏற்கெனவே தூக்கிய குரலை மைக் உள்ளீடு இன்னொரு தரம் தூக்குகிறது, அதுதான் கிறீச். முனகல் அந்த 88.5-தான், அதுவும் வடிகட்டாமல் கூடவே வருகிறது.

ஜம்பரை மாற்றினால் இரண்டும் சரியாகிவிடும். ஆனால் என்னைக் கேட்டால் ஜம்பரை அப்படியே விட்டு, டிரான்ஸ்மிட்டரில் ஃப்ளாட் (மேல் அதிர்வெண்ணைத் தூக்காத) உள்ளீடு இருந்தால் அதில் கொடுங்கள் (ஜிஎம்300 என்றால் 5ஆம் பின்). இடையில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் கட்டாயம், சிக்னல் இல்லாதபோது இரைச்சலை மூடுவதும் அப்போது கண்ட்ரோலரின் பொறுப்பு. வேலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் இரண்டு மூன்று லிங்க் தாண்டினாலும் எதிரே இருப்பவர் குரலை அடையாளம் தெரியும்.

கேள்வி கேட்டவர்:

நன்றி ஓஎம். பிடிடி ஒயரைப் பிரித்து சிஓஎஸ்-க்கு மாற்றினோம், இப்போது ஒழுங்காக அணைகிறது. ஃபில்டர் போட்டு ஃப்ளாட்டிலும் கொடுத்தாகிவிட்டது, குரல் அருமை. ஆடியோ லெவலை எப்படி வைப்பது? சர்வீஸ் மானிட்டர் (ரேடியோவை அளக்கும் கருவி) கிடையாது.

மறுமொழி (பழைய_வால்வு):

ஆர்டிஎல் டாங்கிள் (கம்ப்யூட்டரில் செருகி ஸ்பெக்ட்ரத்தைப் பார்க்கும் சின்ன ரிசீவர்) போதும். டோனை அணைத்துவிட்டு 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்து மெதுவாகக் கூட்டிக்கொண்டே போங்கள். ஸ்பெக்ட்ரத்தின் நடுவில் உள்ள கேரியர் கோடு முதல் தடவை எப்போது மறைகிறதோ அங்கே டீவியேஷன் (அதிர்வெண் விலகல்) 2.4 கிலோஹெர்ட்ஸ். முதலில் லிங்க் டிரான்ஸ்மிட்டரை அந்த நிலையில் நிறுத்துங்கள். அப்புறம், ரிசீவர் திறக்க வேண்டுமே, டோனை மறுபடி போட்டு மறுமுனை ரிப்பீட்டரின் வெளியீட்டைப் பார்த்து, அங்கேயும் நடுக்கோடு மறையும்வரை கண்ட்ரோலரின் லெவல் குமிழைத் திருப்புங்கள். உள்ளே வந்த டீவியேஷன் கூடாமல் குறையாமல் வெளியே போகும்.