காலண்டரில் சிவப்பு மை படாத நாட்கள்: நீங்கள் கொண்டாடியதைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். எனக்குப் பிடித்தது நிழலில்லா நாள். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையில் இருக்கும் ஊர்களுக்கு மட்டும் வருடத்தில் 2 நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும், சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். டெல்லியில் வளரும் என் அக்கா பிள்ளைகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

போன ஏப்ரலில் குடியிருப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். சரியாக 12 மணிக்கு நடக்காது, நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது, சென்னை அதற்கு மேற்கே இருப்பதால் அன்று 12.07 வரை காத்திருக்க வேண்டும் (இந்த நேரம் நாளுக்கு நாள் சில நிமிடம் மாறும்). பிவிசி பைப் ஒன்றை நிறுத்தினோம். நிழல் ஒரு பக்கமாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. கீழே பூச்சு வேலையில் இருந்த மேஸ்திரி சத்தம் கேட்டு ரசமட்டத்தோடு ஏறி வந்து, பைப் சாய்ந்திருக்கிறது என்று சொல்லி நேராக்கிக் கொடுத்தார், அவ்வளவுதான், நிழல் காணோம்! பிள்ளைகள் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு சின்னவன்தான் கண்டுபிடித்தான், குதித்தால் மட்டும் காலுக்குக் கீழே நிழல் வருகிறது என்று. சூடு பொறுக்காமல் ஆடியதில் கண்டது!

---

இங்கே சான் பிரான்சிஸ்கோவில் மார்ச் 14 பை நாள், அதாவது வட்டக் கணக்கில் வரும் π என்ற எண்ணுக்கான நாள். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவதால் 3.14. எக்ஸ்ப்ளோரடோரியம் அறிவியல் அருங்காட்சியகத்தில் லாரி ஷா என்ற இயற்பியலாளர் 1988இல் தொடங்கி வைத்தது. மதியம் 1.59க்கு ஊர்வலம் (3.14159 அல்லவா), பையின் இலக்கங்களை ஆளுக்கு ஒன்றாகக் குச்சியில் ஏந்தி வரிசை மாறாமல் நடக்க வேண்டும். என் மகளுக்கு 6 கிடைத்தது. கணக்கு என்றாலே அழுகிறவள், அன்று முழுக்க அந்த 6ஐ யாரிடமும் கொடுக்கவில்லை. ஐன்ஸ்டைன் பிறந்ததும் அதே தேதி என்பதால் அவருக்கும் பிறந்தநாள் பாட்டு பாடினோம், அப்புறம் எல்லோருக்கும் அதே உச்சரிப்புள்ள பை (pie) பலகாரம்.

---

நிழலில்லா நாளை நாங்கள் ஆகஸ்டில் முயற்சி செய்தோம், சென்னைதான். 12.13க்கு உச்சி, 12.10க்கு மேகம் மூடிவிட்டது. அம்மா மட்டும் எவர்சில்வர் டம்ளரை வைத்துவிட்டு 12.25 வரை அங்கேயே நின்றார். அடுத்த முறை ஏப்ரல்தான். மதுரையில் யாராவது இருக்கிறீர்களா? உங்களுக்கு 16ஆம் தேதி வாக்கிலேயே, 12.17க்கு வந்துவிடும். ரசமட்டத்தை மறக்காதீர்கள்.