58 வயதில் பழைய கம்பெனி பென்ஷன்: 10டி போடுவதற்கு முன்னும் பின்னும்

சம்பளப் பிரிவு, கோயம்புத்தூர்

மாதப் பென்ஷன் கேட்டு பிஎஃப் அலுவலகத்துக்குக் கொடுக்கும் 10டி படிவத்தை நிரப்புவது அரை மணி வேலை. சிக்கல் அதில் வருவதில்லை. பத்து இருபது வருடத்துக்கு முன் விட்டு வந்த கம்பெனியின் பதிவில்தான் வருகிறது. 57 வயதிலேயே யுஏஎன் (ஒரு ஆளின் எல்லா பிஎஃப் கணக்குகளையும் இணைக்கும் எண்) தளத்தில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். வேலை பார்த்த ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வரி வேண்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் வேண்டும். யுஏஎன் வந்ததே 2014-இல்தான். அதற்கு முன் விலகியவர்களின் பழைய பிஎஃப் எண் பெரும்பாலும் இணையாமல் தனியே கிடக்கும்.

அந்த எண் பழைய சம்பளச் சீட்டில் இருக்கும். டிஎன்/சிபி, டிஎன்/எம்ஏஎஸ் என்று தொடங்கி, நடுவில் கம்பெனி எண், கடைசியில் ஆளின் எண், இடையிடையே சாய்கோடு. சீட்டு தொலைந்துவிட்டதா? கூட வேலை பார்த்தவரின் சீட்டை வாங்கிப் பாருங்கள். கம்பெனி எண் எல்லாருக்கும் ஒன்றுதான். பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி எழுதிக் கொடுத்தால் மிச்சத்தை பிஎஃப் அலுவலகத்தில் தேட வழி உண்டு.

விலகிய தேதி காலியாக இருந்தால், கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓடிபி வைத்து நீங்களே 'மார்க் எக்சிட்' போடலாம். தேதி அந்தக் கடைசிச் சந்தா மாதத்துக்குள் இருக்க வேண்டும். பதிந்த பிறகு நீங்களே மாற்ற முடியாது, நிதானமாகப் போடுங்கள்.

*

தொழிற்சங்க உதவி மேசை, அம்பத்தூர்

சார் சொன்னதோடு ஒன்று. பிஎஃப் பணத்தைப் புதுக் கம்பெனிக்கு மாற்றியவர்கள் பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் பூஜ்யத்தைப் பார்த்துப் பதறி வருகிறார்கள். அது தவறு இல்லை. முதலாளி பங்கிலிருந்து, சம்பளத்தின் 8.33% பொதுவான பென்ஷன் நிதிக்குப் போகிறது. அந்தத் தொகை கணக்கு விட்டுக் கணக்கு மாறாது. மாறுவது சர்வீஸ் காலம் மட்டுமே. ஆகவே ரூபாயைப் பார்க்காதீர்கள், சர்வீஸ் ஹிஸ்டரியில் வருடங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

சொந்தமாக பிஎஃப் டிரஸ்ட் (ஊழியர்களின் பிஎஃப் பணத்தைக் கம்பெனியே நிர்வகிக்கும் அமைப்பு) வைத்திருந்த கம்பெனிகளில் இது அடிக்கடி தவறும். டிரஸ்ட் பணத்தை மட்டும் அனுப்பிவிட்டு, சர்வீஸ் விவரம் உள்ள 'அனெக்சர் கே'யை அனுப்பாமல் விட்டிருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்கி, சேர்ந்த தேதி, பென்ஷன் சேவைக் காலம், சம்பளமில்லா நாட்கள் மூன்றையும் சரிபாருங்கள். சம்பளமில்லா நாட்கள் சர்வீஸில் கழியும்.

பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் ஒரு வருடமாகக் கணக்காவதால் ஒன்பதரை வருடம் உள்ளவர்களும் தேறுவார்கள். இதில்தான் மனசு வலிக்கும் கேஸ்கள் வருகின்றன. ஒவ்வொரு கம்பெனியை விடும்போதும் 10சி படிவம் போட்டு பென்ஷன் பணத்தையும் எடுத்திருப்பார்கள். எடுத்த காலம் போனது போனதுதான். 6 வருடம் எடுத்துவிட்டு 8 வருடம் மட்டும் மிச்சம் இருந்தால் மாதப் பென்ஷன் கிடையாது. பணத்தை எடுக்காமல் ஸ்கீம் சர்ட்டிபிகேட் (பென்ஷன் சர்வீஸைப் பதிந்து பிஎஃப் அலுவலகம் தரும் சான்று) வாங்கியிருந்தால் அந்த வருடங்கள் பத்திரம். அதன் அசலை 10டியோடு கொடுக்க வேண்டும்.

கம்பெனி மூடிக் கிடந்தாலும் வழி உண்டு. முதலாளி கையெழுத்துக்குப் பதிலாக வங்கி மேலாளர், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் சான்றோடு 10டியை அனுப்பலாம்.

*

ஓய்வூதியர் உதவி, மதுரை

பெயர்ச் சிக்கல் நம் ஊரில் தனி ரகம். ஆதாரில் 'முருகன் எஸ்', கம்பெனியில் 'எஸ்.முருகன்', பேங்க் பாஸ்புக்கில் 'முருகன் சுப்பையா'. நமக்கு ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். இனிஷியலை விரித்தெழுதும் இடத்தில்தான் பாதி ரிஜெக்ட் ஆகிறது. பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றையும் ஆதாரில் உள்ளபடி யுஏஎன்-இல் கொண்டுவர 'ஜாயின்ட் டிக்ளரேஷன்' என்ற திருத்த விண்ணப்பம் போடுங்கள். ஆதாரே தப்பு என்றால் முதலில் அதைத் திருத்திவிட்டு இதற்கு வாருங்கள். தலைகீழாகச் செய்தால் இரண்டு முறை அலைச்சல்.

10டியில் குடும்ப விவரத்தை அவசரமாக நிரப்பாதீர்கள். கணவன் மனைவி சேர்ந்து எடுத்த போட்டோ கேட்பார்கள். இருவர் முகமும் தெளிவாக, ஒரே அளவில் தெரிய வேண்டும். பழைய கல்யாணப் படத்தை வெட்டிக் கொடுக்கக் கூடாது. மனைவியின் பெயரையும் பிறந்த தேதியையும் அவருடைய ஆதாரைப் பார்த்து எழுத்து எழுத்தாக எழுதுங்கள். பென்ஷன்தாரர் இறந்தால் அவர் பென்ஷனில் பாதி மனைவிக்கு வரும். 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருவருக்கும் பங்கு உண்டு. அந்த நாளில் பிபிஓவில் (பென்ஷன் வழங்கும் ஆணையில்) இருக்கும் ஒரு எழுத்துப் பிழைக்காக அந்த அம்மா அலுவலகம் அலுவலகமாக நிற்பார். இப்போது ஐந்து நிமிடம் செலவழியுங்கள்.

*

சம்பளப் பிரிவு, கோயம்புத்தூர்

மாதம் எவ்வளவு பென்ஷன் வரும் என்பது பலர் கேட்கும் கேள்வி. சூத்திரம்: பென்ஷன் சம்பளம் × சர்வீஸ் ÷ 70. பென்ஷன் சம்பளம் கடைசி 60 மாதச் சராசரி, உச்சவரம்பு ரூ.15,000. எல்லாரும் மொத்த சர்வீஸையும் 15,000-ஆல் பெருக்கிவிட்டு, பிபிஓ வந்ததும் ஏமாந்துபோகிறார்கள். 15,000 என்ற வரம்பு 1-9-2014 முதல்தான். அதற்கு முந்தைய சர்வீஸுக்கு வரம்பு 6,500.

2000 ஜூனில் சேர்ந்து 2025 மே மாதம் 58 முடித்தவருக்கு: முன்பகுதி 14 வருடம் 3 மாதம், 6,500 × 14.25 ÷ 70 = 1,323. பின்பகுதி 10 வருடம் 9 மாதம், 15,000 × 10.75 ÷ 70 = 2,304. மொத்தம் சுமார் ரூ.3,627. வெறுமனே 15,000 × 25 ÷ 70 என்று போட்டால் 5,357 வரும், அது கிடைக்காது. 20 வருடமோ அதற்கு மேலோ சர்வீஸ் இருந்தால் கூடுதலாக 2 வருடம் சேரும், அதனால் இந்த உதாரணத்தில் 3,627 கொஞ்சம் ஏறும். 16-11-1995-க்கு முன்பே குடும்ப பென்ஷன் திட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் காலத்துக்குத் தனித் தொகை உண்டு.

50 வயதிலிருந்தே முன்கூட்டி வாங்கலாம் என்று சொல்வார்கள். வாங்கலாம், ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4% வெட்டு, அது 58 ஆன பிறகும் திரும்ப ஏறாது. மருத்துவச் செலவு போன்ற நெருக்கடி இல்லையென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள். மாறாக 60 வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4% கூடும்.

*

தொழிற்சங்க உதவி மேசை, அம்பத்தூர்

58-க்குப் பிறகும் வேலையில் தொடர்பவர்கள் கவனிக்க: 58 முடிந்த மறுநாளிலிருந்து பென்ஷன் உரிமை உண்டு, வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் பென்ஷனைத் தள்ளிப்போடக் கேட்காதவர்களுக்கும் சம்பளப் பிரிவு பழக்கத்தில் 8.33%-ஐப் பென்ஷனுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு முதலாளியின் முழுப் பங்கும் பிஎஃபுக்குப் போக வேண்டும். பென்ஷன் கணக்கில் விழுந்ததைத் திருத்தி மாற்றும் வரை 10டி நகராது. 58 முடிகிற மாதமே பாஸ்புக்கைப் பார்த்து, தப்பு என்றால் எழுத்தில் கொடுங்கள்.

*

ஓய்வூதியர் உதவி, மதுரை

பிபிஓ எண் 12 இலக்கம். கையில் வந்ததும் பெயர், மனைவி பெயர், சர்வீஸ் வருடம் மூன்றையும் சரிபாருங்கள். ஜனவரி 2025 முதல் எந்த வங்கிக் கிளையிலும் பென்ஷன் வாங்கலாம். ஊர் மாறினால் பிபிஓவை மாற்ற வேண்டியதில்லை. ஆயுள் சான்றை வருடத்தில் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். நவம்பர் நெரிசலில் நிற்காதீர்கள். ரேகை தேய்ந்தவர்கள் போனிலேயே முக அடையாளத்தில் முடிக்கலாம். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் நேராக விழும்படி உட்கார வையுங்கள், கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் 20 நாளுக்கு மேல் அசையாமல் கிடந்தால் இபிஎஃப் குறைதீர் தளத்தில் பதிவிட்டு, பதிவு எண்ணோடு ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி நடக்கும் நேரடிக் குறைகேட்புக்குப் போங்கள். ஸ்கீம் சர்ட்டிபிகேட், பழைய சம்பளச் சீட்டு, அனெக்சர் கே அசல்களைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்தே ஆக வேண்டியதென்றால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள்.